வரிசை எண்படி வராதவர்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவிப் பேராசிரியர்களுக்கு,

போன வாரம் நம் துறைத்தலைவர் போன் செய்தார். "மேடம், புதுசா ஆறு பேரு வந்திருக்காக. பிள்ளைக மனசுல அன்பு, ஆளுமை இதெல்லாம் வளக்குறது எப்பிடின்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. உங்க அனுபவத்துக்கு..." என்று இழுத்தார். முப்பது வருஷம் பொருளாதாரம் நடத்தியவளிடம் வந்து அன்பைப் பற்றிக் கேட்கிறார். ஒன்று அவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை, இல்லையென்றால் நான் ஓய்வு பெற்ற மூன்று வருஷத்தில் என்னைப் பற்றிய உண்மைகளெல்லாம் கல்லூரியில் மறந்துபோய்விட்டன.

உண்மையை நானே சொல்லிவிடுகிறேன். நான் எந்த மாணவி மனதிலும் அன்பை வளர்க்கவில்லை. பயத்தை வளர்த்தேன், அதை நன்றாகவே வளர்த்தேன். ஒன்பது முப்பத்தைந்துக்கு வகுப்புக் கதவைத் தாழ் போடுவேன். திருச்சுழிப் பஸ் ஒன்பது நாற்பதுக்குத்தான் வரும் என்பது எனக்குத் தெரியும். பஸ்ஸை நான் ஓட்டவில்லையே என்று பதில் சொல்வேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பெயர் 'பூட்டு'. அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. மனதுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வருகைப்பதிவில் நான் எப்படிப்பட்டவள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எழுபத்தைந்து சதவீதம் வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது, மருத்துவச் சான்றிதழ் இருந்தால் மட்டும் கொஞ்சம் தளர்வு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். நம் பக்கத்து டைபாய்டு ஒரு விசித்திரமான நோய். சான்றிதழ் கொடுக்கக் கடைசித் தேதிக்கு முந்தின நாள்தான் அது ஊர் முழுக்கப் பரவும். ஒரே டாக்டர், ஒரே பேனா மையில், ஒரே குடும்பத்து அக்காள் தங்கைக்கு ஒரே தேதியில் எழுதிக் கொடுத்திருப்பார். மற்ற ஆசிரியர்கள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். நான் அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "டைபாய்டு வந்தா எத்தன நாளு கஞ்சி குடிக்கணும், சொல்லு பாப்போம்" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவேன். பொய்யைப் பிடிப்பதில் அப்படி ஒரு கெட்டிக்காரி நான். இனி வருவது, அந்தக் கெட்டிக்காரிக்கு என்ன ஆனது என்பதுதான்.

ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. இரண்டாம் ஆண்டு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். நான்தான் வகுப்பாசிரியை. மாசி மாதத்து வெயில் அப்போதே மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை வருகை எடுக்கும்போது பதின்மூன்றும் பதினான்கும் வரவில்லை. அதில் ஒன்றுமில்லை. ஏதோ தோன்றி முந்தின பக்கத்தைப் புரட்டினேன். வெள்ளிக்கிழமை பதினொன்றும் பன்னிரண்டும் இல்லை. வியாழக்கிழமை ஒன்பதும் பத்தும். அப்படியே பின்னால் போனால், ஒன்றும் இரண்டும் வராத ஒரு நாளில் போய் நின்றது. ஒரு நாளுக்கு இரண்டு பேர், வரிசை எண்படி, பிசகில்லாமல் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. உங்களுக்கு மாணவர்கள் முதல் மதிப்பெண் வாங்கும்போது புல்லரிக்கலாம். எனக்கு இதற்குத்தான் புல்லரித்தது. மறுநாள் பதினைந்தும் பதினாறும் வராது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். வரவில்லை. அன்று சாயங்காலம் ஒரு தாளில் 'நாளை 17, 18' என்று எழுதி, கவரில் போட்டு, ஒட்டி, முதல்வர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். நாளைக் காலை வருகை எடுத்தபின் பிரித்துப் பாருங்கள் சார் என்று சொல்லிவைத்தேன். புதன்கிழமை பதினேழும் பதினெட்டும் வரவில்லை. முதல்வர் கவரைப் பிரித்துவிட்டு, மந்திரவாதியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"எங்க போறாக?" என்றார்.

எங்கே போகிறார்கள் என்பதை நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து கண்டுபிடித்தோம். காரியாபட்டி வழியாக மதுரைக்குப் போய்ப் படம் பார்க்கிறார்கள் என்றேன் நான். கட்சிக் கூட்டத்துக்கு ஆள் பிடித்துப் போகிறார்கள் என்றார் அவர். செல்போனில் ஏதாவது பணம் கட்டும் விளையாட்டாக இருக்கும் என்றார் உள்ளே வந்த அலுவலகக் கண்காணிப்பாளர். மூன்று பேருக்கும் சேர்த்து எழுபது வருஷத்துக்கு மேல் கல்லூரி அனுபவம் இருந்தது. ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, எங்கேம்மா போறீங்க என்று கேட்கலாம் என்பது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் பதினெட்டு பேரின் பெற்றோரும் வர வேண்டும் என்று முடிவானது. அலுவலகத்திலிருந்து எல்லார் வீட்டுக்கும் போன் போனது. வகுப்பில் போய் நானே அறிவித்தேன். அறிவித்த குரலில் எவ்வளவு தேன் ஒழுகியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. மூன்றாவது வரிசையில் மாரிச்செல்வி மட்டும் எழுந்து நின்றாள். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பிள்ளை, வரிசை எண் இருபத்து மூன்று, முந்தின பஸ்ஸிலேயே வந்துவிடுகிறவள், ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவள். "மேடம், நான் சொல்லிர்றேன்..." என்று ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் தாவணியைப் பிடித்து இழுத்து அவளை உட்கார வைத்துவிட்டார்கள். ஒழுங்காக வருகிற பிள்ளையையும் மிரட்டுகிறார்கள் என்று குறித்துக்கொண்டேன். பாருங்கள், எவ்வளவு துல்லியமாகக் கவனித்திருக்கிறேன்.

வியாழக்கிழமை முதல் மணியில் ஒரு தேர்வு. உழைப்புப் பகிர்வைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு வேலையைப் பலர் பிரித்துக்கொண்டு செய்தால் என்ன நன்மை என்பது கேள்வி. நான் இருபத்தெட்டு வருஷமாக ஒரே கரும்பலகையில், ஒரே உதாரணத்தோடு நடத்திவந்த பாடம். எல்லாரும் எழுதிக்கொண்டிருக்க, பதினெட்டாம் எண் கார்த்திகா மட்டும் எழுதாமல் இருந்தாள். அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருப்பவரின் மகள், செல்லமாக வளர்ந்த பிள்ளை. வலது கையை ஈரக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள்.

"ஏன் எழுதல?"

"கை எரியுது மேடம்."

"நேத்து மதுரையில நல்லாச் சாப்பிட்டீகளோ?" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கையில் இருந்த பேனாவை வாங்கி, அவள் விடைத்தாளிலேயே 'எழுத மறுத்தார்' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டேன். போட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, வழக்கம்போல் கண்ணைக் கசக்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை மரியாதையாக எழுத முடியாது. முப்பத்தெட்டு பிள்ளைகள் முன்னால் நான் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியை ஓடிவந்தார். கண்ணில் யாரோ கொள்ளிக்கட்டையை வைத்ததுபோல் இருந்தது. என்னைக் கையைப் பிடித்து ஆசிரியர் அறைக்குக் கூட்டிப் போனது, அங்கே பெருக்கிக்கொண்டிருந்த அம்மா. பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் சொல்லவில்லை. என் பணிக்காலத்தில் எனக்கு எத்தனையோ வழிகாட்டிகள் இருந்ததாக வழியனுப்பு விழாவில் சொன்னேன். அதில் இவரைச் சொல்லவில்லை. அந்தக் குறையை இப்போது தீர்த்துக்கொள்கிறேன்.

"தேய்க்காதீக டீச்சர், கைய எடுங்க! கையிலதான் இருக்கு அது" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தண்ணீரை அள்ளி அள்ளிக் கண்ணில் ஊற்றினார். பிறகு என் விரலை மோந்து பார்த்தார். "மொளகா."

"நான் மிளகாயைத் தொடவே இல்லையே."

"நீங்க தொடல. தொட்ட பிள்ள எதையாச்சும் நீங்க தொட்டிருப்பீக. இது பொடி இல்ல டீச்சர், பொடின்னா தும்மல் வரும். இது செடியில இருந்து எடுத்த பழம். புதுசா எடுக்குற கைன்னா ரெண்டு நாளைக்கு எரியும், எத்தன சோப்புப் போட்டாலும் போகாது. நான் பதினஞ்சு வருசம் எடுத்தவ, எனக்குத் தெரியாதா? அந்தப் பிள்ள பாவம், தேங்கா எண்ணெயத் தடவச் சொல்லுங்க."

ஒரு கண்ணை ஈரத்துணியால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல்வரும் கண்காணிப்பாளரும் நானும் கண்டுபிடிக்காததை, துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு வந்த ஒருவர் மோந்து பார்த்தே சொல்லிவிட்டார். இருந்தாலும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. வத்தல் கடைக்காரர் மகள் எதற்குச் செடியில் மிளகாய் எடுக்கிறாள்?

இந்தத் தடவை, சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். கார்த்திகா தேங்காய் எண்ணெய்க் கையோடு வந்து நின்றாள். என் கண்ணைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"மாரிச்செல்வி அம்மாவுக்குக் கால் ஒடிஞ்சுபோச்சு மேடம். தை மாசத்துல களத்துல வழுக்கி விழுந்துட்டாங்க. அவ அப்பா வெளியூர்ல முறுக்குக் கம்பெனியில இருக்காரு, லீவு இல்லன்னுட்டாங்க. ரெண்டு ஏக்கர் மொளகா. பழம் செவந்து நிக்குது, எடுக்க ஆளில்ல. பாதிப் பேரு நூறு நாள் வேலைக்குப் போயிட்டாக, பாதிப் பேரு மில்லு வண்டியில போயிட்டாக. அவ மாமா வந்து, படிச்சது போதும், நாளையில இருந்து நீ காட்டுக்குப் போன்னு சொல்லிட்டாரு. இந்த வருசம் நின்னா அவ்வளவுதான் மேடம், கலியாணம்தான். மாப்பிள்ள வரைக்கும் பாத்து வச்சிருக்காரு."

"அதுக்கு?"

"கூலிக்கு ஆளு கெடச்சிருச்சுன்னு அவ அம்மா மாமாட்ட சொல்லிட்டாங்க." மூக்கை உறிஞ்சினாள். "நாங்கதான் மேடம் அந்த ஆளு."

ஒரு நாளைக்கு இரண்டு பேர். வீட்டில் கல்லூரிக்கு என்று சொல்லிவிட்டுத் திருச்சுழிப் பஸ்ஸில் ஏறி, சாயங்காலம் கல்லூரி விடும் நேரத்துக்கு வீடு போய்ச் சேர்வார்கள். யாருக்கும் வருகை குறையாது. மாரிச்செல்வி மட்டும் ஒரு நாள் தப்பாமல் வகுப்பில் இருப்பாள். இதுதான் நாற்பது பேரும் கூடிச் செய்த சதி.

"சரி, அது ஏன் வரிசை எண்படி?"

"அப்பத்தான மேடம் நியாயமா இருக்கும்? யாரும் ரெண்டு தடவ போக வேணாம்ல."

தப்புச் செய்கிறவர்கள் வரிசைப்படி செய்ய மாட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏமாற்றுகிறவர்களாக இருந்தால் ஒரு நாள் மூன்று பேர், ஒரு நாள் யாரும் இல்லை என்று கலைத்துப் போட்டிருப்பார்கள். இவர்களுக்கு மறைக்க வேண்டும் என்றே தோன்றவில்லை, பங்கு சமமாக இருக்க வேண்டும் என்றுதான் தோன்றியிருக்கிறது. இருபத்தெட்டு வருஷம் நான் கரும்பலகையில் எழுதியதைக் கையால் செய்துகாட்டிய ஒரே வகுப்பு அது. அவர்களைத்தான் பிடித்துவிட்டேன் என்று கவர் ஒட்டிக் கொடுத்திருந்தேன்.

"எங்கப்பாட்ட மட்டும் சொல்லிறாதீங்க மேடம்" என்றாள் கார்த்திகா. "வத்தல் கடைக்காரர் மக அடுத்தவுக காட்டுல போயி மொளகா எடுத்தான்னு தெரிஞ்சா, என்னைய காலேஜ விட்டே நிப்பாட்டிருவாரு. அழகுமீனா வீட்டுல இன்னும் மோசம்."

பெற்றோர் வர இன்னும் பதினெட்டு மணி நேரம் இருந்தது.

இனி நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். உண்மையைச் சொல்லலாம். உண்மை நல்லது, எனக்கும் நல்லது. 'பிள்ளைகள் எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறார்கள்' என்று மேடையில் கண் கலங்கிப் பேசலாம், முதல்வர் மாலை போட்டாலும் போடுவார். ஆனால் வரப்போகிற பதினெட்டு பேர் யார்? அதில் பாதிப் பேர் காட்டுக் கூலியாக இருந்து, அந்தக் காட்டை விட்டு எப்படியாவது வெளியேறி, மில்லிலும் வண்டியிலும் கடையிலும் ஒரு வேலையைப் பிடித்தவர்கள். மகள் களைக்கொட்டைத் தொடக் கூடாது என்பதற்காகவே அவளைக் கல்லூரிக்கு அனுப்புகிறவர்கள். மீதிப் பேர், மகள் வெயிலில் நிற்பதே கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறவர்கள். இது போக, யார் வீட்டுப் பெண் யார் காட்டில் இறங்கினாள் என்று நம் ஊர்களில் ஒரு கேள்வி எழும். அது எழுந்தபிறகு மிளகாயைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். உண்மை வெளியே வந்தால் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் மாரிச்செல்வியின் மாமா காதுக்குப் போய்விடும். திங்கட்கிழமை அவள் வகுப்புக்கு வர மாட்டாள்.

கூட்டத்தை ரத்து செய்துவிடலாம் என்று முதல்வரிடம் ஓடினேன். "எதுக்கு ரத்து? நானே ரெண்டு வார்த்த பேசலாம்னு இருக்கேன்" என்றார். உரை தயாராக இருந்தது. அவர் மேசையில் என் கவரும் இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கருத்தரங்கக் கூடம் நிறைந்துவிட்டது. சிலர் அரை நாள் வேலையை விட்டு வந்திருந்தார்கள். அன்று காட்டுக்கு யாரும் போகவில்லை, பிள்ளைகள் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றார்கள். என் ஒரு கண் அப்போதும் சிவந்திருந்தது. முதல்வர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுவதற்கு முன் நான் எழுந்துவிட்டேன்.

"எல்லாரும் மன்னிக்கணும்" என்றேன். "உங்க பிள்ளைக மேல எந்தத் தப்பும் இல்ல. தப்பு என்னோடது. வருகைய கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது நான் மாத்தி ஏத்திட்டேன். வந்த பிள்ளைகளை வரலன்னு போட்டுட்டேன். வயசாயிருச்சு, இந்தக் கம்ப்யூட்டர் எனக்குப் பிடிபடல."

அந்தக் கம்ப்யூட்டரில் வருகை ஏற்றுவது எப்படி என்று கல்லூரியில் இருந்த அத்தனை ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தவள் நான். ஐம்பத்தாறு வயதுப் பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் வராது என்பதை நம்ப அந்தக் கூடத்தில் யாருக்கும் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முன்வரிசையில் இரண்டு பேர் பரிதாபமாகத் தலையாட்டினார்கள். அவர்கள் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

திட்டவும் திட்டினார்கள். கார்த்திகாவின் அப்பா எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டு, "ஏவாரத்தப் போட்டுட்டு வந்து உக்காந்திருக்கோம். ஒரு கணக்கு ஒழுங்கா எழுதத் தெரியலன்னா எதுக்கு டீச்சர் வேல? நாங்கள்லாம் கடையில இப்பிடி ஒரு தப்புப் பண்ணுனா எங்கள நம்பிச் சரக்குப் போடுவாகளா? பொம்பளப் பிள்ள மேல பழியப் போட்டா நாலு பேரு என்ன நெனப்பாக?" என்று விளாசினார். அத்தனைக்கும் தலையாட்டினேன். அவர் பக்கத்திலேயே கார்த்திகா கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். இருபத்தைந்து வருஷமாக வத்தலை மோந்து பார்த்தே எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லக்கூடிய மனிதர். மகள் கையில் இருந்தது மட்டும் அவர் மூக்குக்கு எட்டவில்லை.

முதல்வர் என் பக்கம் குனிந்தார். "அந்தக் கவர்?" என்று கேட்டார்.

"அதுவும் தப்புத்தான் சார்."

"நாளைக்கு வராத பிள்ளைகளை இன்னைக்கே தப்பா எழுதிட்டீகளா?"

"ஆமா சார்."

அவர் முட்டாள் இல்லை. ஏதோ இருக்கிறது என்று தெரிந்திருக்கும். ஆனால் பேச வைத்திருந்த உரை போன ஆத்திரமும் இருந்தது. திங்கட்கிழமையே எனக்கு மெமோ வந்தது. என் பணிக்காலத்தின் முதல் மெமோ அது. பொய்ச் சான்றிதழைத் திருப்பி அனுப்பிய நான் பதினெட்டு பேருக்கு ஒரே நாளில் பொய் வருகை போட்டேன். இப்படி நீங்கள் செய்யக் கூடாது என்று சொல்வது என் கடமை. சொல்லிவிட்டேன்.

கூட்டம் கலைந்தபிறகு ஒருவர் மட்டும் போகாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அழகுமீனாவின் அப்பா. வரிசை எண் இரண்டு. மல்லாங்கிணற்றுப் பக்கத்துக்காரர், மில்லுக்கு ஆள் ஏற்றும் வண்டி ஓட்டுகிறவர். நான் பக்கத்தில் போனதும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர், கம்ப்யூட்டர் தப்புன்னு சொன்னீக."

"ஆமாங்க."

"எம்மக ரெண்டு வாரத்துக்கு முன்னால ஒருநா, சோறு திங்க ஸ்பூன் கேட்டா. எங்க வீட்டுல ஸ்பூன்ல தின்ன ஆளே கெடையாது. கையப் புடிச்சுப் பாத்தேன். எங்க ஆத்தா கை அப்பிடித்தான் இருக்கும். நானும் சின்ன வயசுல இருந்து எடுத்தவேன்தான். அவகிட்ட ஒண்ணும் கேக்கல. கேட்டு, ஆமான்னு சொல்லிட்டான்னா என்ன செய்யிறதுன்னு தெரியல. கூலிக்கா போறாக டீச்சர்?"

காலையிலிருந்து அத்தனை பேரிடமும் பொய் சொல்லியாகிவிட்டது. இவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

"கூலிக்கு இல்லங்க. கூடப் படிக்கிற பிள்ளைக்கு. அவ அம்மா கால் ஒடிஞ்சு கெடக்கு. பழம் எடுக்க ஆளில்லன்னா அவ படிப்பு நின்னுரும். ஆளுக்கொரு நாள் போயி எடுக்கறாங்க."

"சும்மாவா?"

"சும்மாதான்."

அவர் வெயில் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பதறிப்போய் நின்றேன். ஒரு வார்த்தை, மகளை இனிமேல் கல்லூரிக்கு அனுப்ப மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"எங்க ஆத்தா ஒரு நாளுகூட சும்மா எடுத்ததில்ல டீச்சர். எடுக்க முடிஞ்சதில்ல. கூலி வரலன்னா அடுப்பு எரியாது" என்றார். "எம்மக சும்மா எடுத்திருக்கா."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு எட்டு நடந்தவர் திரும்பி வந்தார். "காம்போட எடுக்காகளான்னு கேளுங்க. விவரம் தெரியாத பிள்ளைக காம்ப விட்டுட்டுப் பழத்த மட்டும் உருவும். காம்பு இல்லாத வத்தல கடையில மதிக்க மாட்டாக. பாடுபட்டு எடுத்தது வீணாப் போயிரும்."

நீங்களும் ஒரு நாள் காட்டுக்குப் போனீர்களா என்று கேட்பீர்கள். போகவில்லை. ஒரு கண் பட்டதே எனக்குப் போதும். பெரிதாகத் திருந்தியும்விடவில்லை. கதவை ஒன்பது முப்பத்தைந்துக்குப் பதில் ஒன்பது நாற்பத்தைந்துக்குத் தாழ் போட ஆரம்பித்தேன், அவ்வளவுதான். கார்த்திகாவின் விடைத்தாளில் 'எழுத மறுத்தார்' என்று இருந்ததை அடித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டேன். அந்தக் கேள்விக்கு அவளைவிட நன்றாக யாரும் விடை எழுதியிருக்க முடியாது. பங்குனி முடிவதற்குள் பழம் எல்லாம் எடுத்தாகிவிட்டது. மாரிச்செல்வி தேர்வு எழுதினாள், அடுத்த வருஷமும் படித்தாள், இப்போது காரியாபட்டியில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள். அவள் மாமாவுக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. இதைப் படித்துவிட்டு நீங்கள் யாரும் போய்ச் சொல்லாமல் இருந்தால் சரி.

அன்பை வளர்ப்பது எப்படி என்று நம் துறைத்தலைவர் கேட்டாரே, எனக்குத் தெரியாது. அது நம்மைக் கேட்டு வளர்வதில்லை. கெட்டிக்காரத்தனத்தோடு போய்க் களை என்று பிடுங்கிவிடாமல் இருந்தால், நம் சம்பளத்துக்கு அதுவே போதும். விடுப்பு எடுக்கிற பிள்ளையைப் பிடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பிடித்தபிறகு முதல் ஆளாக அவளிடமே கேளுங்கள். முதல்வரிடம் அப்புறம் போகலாம்.

அந்தத் திங்கட்கிழமையைச் சொல்லி முடிக்கிறேன். மெமோ கைக்கு வந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. அதைப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். வெள்ளிக்கிழமை நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. கார்த்திகா என்னிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்ததை அவள் அவர்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. நாற்பதில் முப்பத்தெட்டு பேர் இருந்தார்கள். என்ன வரப்போகிறதோ என்று மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பழத்தைக் காம்போட எடுக்கணுமாம்" என்றேன். "காம்பு இல்லாட்டி கடையில மதிக்க மாட்டாங்களாம். இன்னைக்குப் போனவங்ககிட்டயும், நாளைக்குப் போறவங்ககிட்டயும் சொல்லிருங்க."

அழகுமீனா மட்டும் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பேச்சு யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பதிவேட்டைத் திறந்து ஒன்றிலிருந்து கூப்பிட ஆரம்பித்தேன். இருபது வரைக்கும் எல்லாரும் 'உள்ளேன்' சொன்னார்கள். இருபத்தொன்று, பதில் இல்லை. இருபத்திரண்டு, பதில் இல்லை. இரண்டுக்கும் வரவில்லை என்றே போட்டேன், இந்தத் தடவை உண்மையாகவே.

"இருபத்து மூணு."

மாரிச்செல்வி எழுந்து நின்றாள். கண்ணிலிருந்து தாரை தாரையாக ஓடியது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இந்த ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் வருகை விழ வேண்டும் என்பதற்காகத்தான் மற்ற பிள்ளைகள் எல்லாம் இரண்டிரண்டு பேராக இல்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள்.

"சத்தமாச் சொல்லு" என்றேன்.

"உள்ளேன் மேடம்" என்றாள். பக்கத்து வகுப்புக்குக் கேட்டிருக்கும்.